செரிமானம்

நெப்ராஸ்கா. ஜூன் நடு. தெளித்துப் பதினோராம் நாள்.
பிக்கப்பை மேட்டில் நிறுத்திவிட்டு
கிழக்கு எண்பது ஏக்கருக்குள் இறங்குகிறாள்
அர்லிஸ் குபிசெக்.

மக்காச்சோளம் முழங்காலைத் தொடுகிறது.
வரிசைகளுக்கு நடுவே வெள்ளை.
பனியில்லை, உப்பில்லை.
பச்சை கழன்றுபோன களைகள்.
கொழுந்தில் தொடங்கிய காகித வெள்ளை,
ஓரத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பு.
இலைக்குள் விரித்திருந்த குடையை மருந்து பறித்துக்கொண்டது;
மிச்ச வேலையை வெயில் செய்தது,
தினமும் சோறுபோட்ட அதே வெயில்.

அன்று அவள் யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை.
தொண்ணூறு அடிக்குச் சிறகு விரித்த இயந்திரம்
எல்லார் தலையிலும் ஒரே தூறலைத்தான் போட்டது.
காற்று மணிக்கு ஆறு மைல், தெற்கிலிருந்து.
அதையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

தேர்ந்து கொல்லும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும்.
பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும்
விஷத்துக்குக் கண் கிடையாது.
பெயர் கேட்டு நுழையும் வழக்கமும் இல்லை.
மக்காச்சோளத்தின் உள்வீட்டிலும் அது கால் வைத்தது.
அங்கே ஓர் அடுப்பு
அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.
வந்ததைப் பிடித்து, ஒரு முனையில் ஆக்சிஜனைச் செருகி,
சர்க்கரையோடு சேர்த்துக் கட்டி
மூலையில் எறிந்துவிட்டு
அடுத்த இலையை விரிக்கப் போய்விட்டது பயிர்.

களைக்குள்ளும் அந்த அடுப்பு உண்டு.
பற்றுவதற்குக் கொஞ்சம் தாமதமாகும்.
அந்தத் தாமதத்தைத்தான்
கூட்டுறவுக் கிடங்கில் கேலன் கேலனாக
அவள் வாங்கிவருகிறாள்.

நாற்பத்தோராம் வரிசையில் நிற்கிறாள்.
ஒரு கீரை.
ஆமாம், கீரைதான்;
நாம் கட்டுக்கட்டாக விலைபேசும் தண்டுக்கீரைக்கு
ஒன்றுவிட்ட தங்கை. இங்கே அவளுக்கு
ஒரு நாளைக்கு இரண்டு அங்குல வளர்த்தி,
ஏழு மாநிலங்களில் கெட்ட பெயர்.
பச்சையாக நிற்கிறாள்.

முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது அர்லிஸுக்கு.
தெளிப்பு முனை அடைத்துக்கொண்டதா?
திருப்பத்தில் விசையை முன்னாடியே மூடிவிட்டேனா?
மண்டியிட்டுப் பார்த்தாள்.
ஒரு சாண் இந்தப் பக்கம் செத்த கீரை,
ஒரு சாண் அந்தப் பக்கம் செத்த கீரை.
தூறல் இங்கே விழுந்திருக்கிறது.
நடுவில் நிற்பதன் அடியிலையில்கூட
வெளுத்த தழும்பு.
குடித்திருக்கிறது.
குடித்துவிட்டு
மேலே நான்கு புது இலை விட்டிருக்கிறது.

செட்லாக் தொலைபேசியில் கேட்டார்:
விட்டுப்போயிற்றா?
விட்டுப்போகவில்லை, செரித்திருக்கிறது என்றாள்.
அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.
அவர் இன்னொரு மருந்தின் பெயரைச் சொன்னார்.
அதற்குப் பின் வேறொன்று.
அதற்குப் பின் மழை வருமா என்று கேட்டார்.

யாரிடமிருந்து படித்தது இது?
பக்கத்தில் நின்ற மக்காச்சோளத்தை
எட்டிப் பார்த்துக் காப்பியடித்திருக்காது.
லட்சம் செத்ததில் ஒன்றுக்கு
அடுப்பு கொஞ்சம் சீக்கிரம் பற்றியது.
அடுத்த கோடையில் அதன் பிள்ளைகள்,
அதற்கடுத்து அவற்றில் பிழைத்தவை.
பதினாறு வருடம், ஒரு வருடம் தவறாமல்,
நல்ல விதையைப் பொறுக்குகிற மாதிரி
இந்த மண்ணில் யாரோ பொறுக்கியிருக்கிறார்கள்.

"நான்தான்" என்றாள் அர்லிஸ்,
சத்தமாக,
கேட்க மக்காச்சோளம் மட்டும் இருந்தது.

வேரோடு பிடுங்கப் பார்த்தாள்.
பாதி வந்தது, பாதி முறிந்து உள்ளே நின்றது;
பைக்கத்தியால் தோண்டினாள்.
வரப்பு சேர்வதற்குள் இன்னும் எட்டு.
எட்டாவதை எழுதியபின்
அந்தப் பக்கத்தில் கோடு போட்டு முடிக்கவில்லை.

பக்கத்து இருக்கையில்
வேரில் மண்ணோடு ஒன்பதும் கிடந்தன.
எண்ணெய் நிரப்பி, பால் வாங்கி,
மகனை ஆட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு
வீடு திரும்பும்வரை
ஒன்றுகூட வாடவில்லை.
மகன் அவற்றை மடியில் வைத்துக்கொண்டான்,
உட்கார இடம் வேண்டுமே.